எந்த ஐ5?

வரதராஜன்பேட்டையில் பழைய டெஸ்க்டாப்புக்குப் பதிலாக செகண்ட் ஹேண்டில் ஒன்று தேடுகிறவர் காதில் முதலில் விழுவது, “ஐ5 சார், சும்மா பறக்கும்!”

எந்த ஐ5? 2011இல் வந்த இன்டெல் பிராசசர் ஐ5-2400உம் ஐ5தான், 2018இல் வந்த ஐ5-8500உம் ஐ5தான். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த 2, 8தான் தலைமுறை. அது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றது. விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. பழைய பெட்டியிலும் குறுக்குவழியில் 11ஐ ஏற்றிக் காட்டும் கில்லாடிகள் உண்டு.

கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், லெனோவா திங்க்சென்டர் பெட்டிகளே நல்ல பேரம். எஸ்எஸ்டி இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். மதர்போர்டே பழசென்றால் நகர்ந்துவிடுவது நல்லது.