விடுமுறையிலும் அடுப்படியா?

பரிஸில் மே மாதம் பிறந்துவிட்டால் எங்கு போனாலும் "வக்கான்ஸ்" என்ற பேச்சுத்தான். வக்கான்ஸ் என்றால் விடுமுறை. பாண் வாங்கப் போனால் கடைக்காரப் பெண் "இந்த முறை எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பாள். பிள்ளைகளின் ஆசிரியரும் அதையே கேட்பார். இந்நாட்டில் 1936 ஆம் ஆண்டில் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய 2 வார லீவு சட்டமாக்கப்பட்டது. அது படிப்படியாகக் கூடி 1982 இல் 5 வாரமாகியது. ஆகவே விடுமுறை என்பது இங்கு பணக்காரரின் ஆடம்பரம் அல்ல. நிலம் துடைக்கும் பெண்ணுக்கும் சட்டம் தந்த உரிமை அது.

ஆனால் சகோதரிகளே, உரிமை இருப்பது வேறு, அதை அனுபவிப்பது வேறு. எமது சமூகத்தில் பயணம் என்றால் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்றுதான் அர்த்தம். லண்டனுக்கும் சுவிஸுக்கும் ஜேர்மனிக்கும் எத்தனை தடவை போய் வந்திருக்கிறோம்! போன இடத்திலும் குசினிக்குள் நின்று பலகாரம் சுட்டதுதான் மிச்சம். மீதி லீவு நாட்களில் வேறோர் இடத்தில் வேலைக்குப் போய்விடுவோம். நான் இங்கு வந்து 19 வருடமாகிறது. ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவு செய்கிறேன். மற்றவர்களின் விடுமுறைக்காகக் கட்டில் விரித்தே என் வருடங்கள் போயின. இந்த வருடம்தான், எவருடைய கொண்டாட்டத்துக்காகவும் இல்லாமல், நாங்கள் நான்கு பேரும் ஓய்வெடுப்பதற்கென்றே ஒரு பயணம் போவதென்று முடிவெடுத்தோம். அதற்குத் திட்டம் போட்ட கதைதான் இம்மாத மடல்.

எந்தத் தீவுக்கு?

"சூடான நாடு, நீலக் கடல், தென்னை மரம்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இதைக் கேட்டதும் என் நெஞ்சு ஒருமுறை அடைத்தது. அவர்கள் கேட்டது எங்கள் நாட்டைத்தானே! லா சப்பல் பகுதியில் பயண முகவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படங்களில்தான் என் பிள்ளைகள் இலங்கைக் கடற்கரையைப் பார்த்திருக்கிறார்கள். இவரும் நானும் அகதி அந்தஸ்து உள்ளவர்கள். அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரத்தில் உலகத்து நாடுகளுக்கெல்லாம் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது.

பிறகு தேடிப் பார்த்ததில் றீயூனியன் தீவு கண்ணில் பட்டது. இந்து சமுத்திரத்தில், மடகஸ்காருக்குக் கிழக்கே, மொறீசியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீற்றர். 1946 இலிருந்து இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். ஆகவே இங்கு வதிவிட அட்டை உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. காசும் யூரோதான். சுகவீனம் வந்தால் இங்குள்ள சமூகக் காப்புறுதி அட்டையே அங்கும் செல்லும். பரிஸிலிருந்து விமானத்தில் சுமார் 11 மணித்தியாலம். பயணப் பத்திரத்தோடு தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு, விசாக் கடிதம் இல்லாமல் ஒரு வெப்பத் தீவுக்குப் போகலாம் என்பதே பாதி விடுமுறை.

எந்த மாதத்தில்?

ஜூலை, ஓகஸ்டில் பயணச்சீட்டு விலை மிக அதிகம். பிரான்ஸில் வாழும் றீயூனியன் மக்களும் அப்போதுதான் தங்கள் ஊருக்குப் போவார்கள். அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், நமக்குக் கோடை அவர்களுக்குக் குளிர்காலம். கடற்கரையில் அது இதமான காலம்தான், ஆனால் மலைப்பகுதியில் இரவில் நல்ல குளிர். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். 2025 பெப்ரவரி 28 ஆம் திகதி "கரான்ஸ்" என்ற சூறாவளி அங்கு பெரும் சேதம் விளைவித்தது. மழையும் சாதாரண மழை அல்ல. 1966 ஜனவரியில் அங்குள்ள ஓர் இடத்தில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீற்றர் பெய்து உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையை விட அது கூட.

இவற்றையெல்லாம் பார்த்து, ஒக்ரோபர் இறுதியில் வரும் 2 வாரப் பாடசாலை விடுமுறையைத் தெரிவு செய்தோம். இவர் வேலை செய்யும் உணவகம் ஓகஸ்டில் பூட்டப்படும். அப்போதுதான் எல்லோருக்கும் லீவு. ஒக்ரோபரில் லீவு தர முதலாளியைச் சம்மதிக்க வைக்க இவருக்கு 3 கிழமை பிடித்தது.

கடலைப் பற்றியும் ஒன்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2011 இலிருந்து அங்கு சுறா தாக்கிப் பலர் இறந்ததால், 2013 இலிருந்து பவளப்பாறைக்கு உட்பட்ட களப்பிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. மேற்குக் கரையில் எர்மித்தாஜ் பக்கத்துக் களப்பு ஆழமில்லாதது, பிள்ளைகளுக்கு ஏற்றது. எனக்கும் அதுவே போதும். பருத்தித்துறைக் கடலருகே பிறந்தும் நீந்தத் தெரியாத பெண் நான். நுளம்பும் கவனிக்க வேண்டிய விடயம். 2005, 2006 இல் அத்தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிக்குன்குனியா வந்தது. 2025 இலும் அது பெரிதாகப் பரவியது. ஆகவே நுளம்புக் களிம்பும் நீளக்கைச் சட்டையும் பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறேன். மலைக்குப் போக ஸ்வெற்றரும் வேண்டும். அங்குள்ள உயர்ந்த மலை சுமார் 3,070 மீற்றர். எங்கள் பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். எரிமலையும் உண்டு. விடியற்காலையில் புறப்பட்டால்தான் முகில் மூட முன்னர் பார்க்கலாமாம்.

காசும் அம்மாவும்

கடன் பட்டு விடுமுறை போகக்கூடாது என்பது என் முதல் விதி. 3 வருடமாக மாதம் 120 யூரோ தனிக் கணக்கில் போட்டு வந்தேன். அதில் முக்கால்வாசி 4 பயணச்சீட்டுக்கே போய்விட்டது. தங்கும் செலவுக்கு "செக் வக்கான்ஸ்" உதவியது. தொழிலாளரும் தொழில் கொடுப்போரும் பங்கு போட்டுச் சேர்க்கும் இந்த விடுமுறைக் காசோலை முறை 1982 இல் ஆரம்பமானது. வேலைத்தலத்தில் கேட்டால்தான் தருவார்கள். எங்கள் பெண்கள் பலர் கேட்பதே இல்லை.

இருந்தும் மனம் குடைந்துகொண்டே இருந்தது. இந்தக் காசை ஊருக்கு அனுப்பினால் எத்தனை காரியம் ஆகும்? அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவதில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அவவின் கண் சத்திரசிகிச்சைக்கும் முதலே அனுப்பிவிட்டேன். ஆனாலும் தொலைபேசியில் சொல்ல எனக்கு ஒரு மாதம் துணிவு வரவில்லை. ஒருநாள் சொன்னேன்.

"அங்கை என்ன வேலை பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"வேலையில்லையம்மா. சும்மா இருக்கப் போறம்."

"சும்மா இருக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே?"

"வீட்டிலை நிண்டால் சும்மா இருக்க ஏலாதம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது உண்மைதான் பிள்ளை. நானும் ஒருநாளும் இருக்கேல்லை. நீ போயிட்டு வா" என்றா.

எழுபத்தெட்டு வயதில் அவ சொன்ன அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நான் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

யார் சமைப்பது?

எல்லாம் சரிவந்த பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. எங்கே தங்குவது? ஹோட்டலா, அல்லது அடுப்பு, பாத்திரம் எல்லாம் உள்ள வாடகை வீடா? வீடு மலிவு. இவர் சொன்னார், "இஞ்சரும், அடுப்போடை ஒரு வீடு எடுத்தால் நல்லது. நாலு பேரும் வெளியிலை சாப்பிட்டுக் கட்டுமே?"

கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்கவில்லை. விமானத்தில் 11 மணித்தியாலம் பறந்து போய், அங்கும் காலையில் எழும்பி தேத்தண்ணீர் போட்டு, மத்தியானச் சோற்றுக்கு அரிசி கழுவி, இரவு பாத்திரம் விளக்குவதென்றால் எனக்கு மாறியது அடுப்பு மட்டும்தானே? இத்தனைக்கும் இவர் உணவகத்தில் சமையற்காரர். இத்தனை வருடமாகப் பிரெஞ்சுக்காரருக்கு வகை வகையாகச் சமைத்துப் போடுபவர், வீட்டுக்கு வந்தால் கேத்திலைத் தொடமாட்டார்.

நான் வாய் திறக்க முன்னர் 14 வயது மகள் சொன்னாள்: "அப்பா, அது எங்களுக்கு வக்கான்ஸ். அம்மாக்கு இல்லை."

இவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஒரு கொப்பித் தாளில் தானே கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். 12 இரவுகள். முதல் 8 இரவு களப்புக்கு அருகே வாடகை வீடு. காலையில் அவரவர் பாண், அவரவர் கோப்பை. அவரவரே கழுவவும் வேண்டும். மத்தியானம், அங்கு தெருவோர வாகனக் கடைகளில் பெட்டியில் போட்டு விற்கும் சோறும் கறியும். இரவுச் சாப்பாடு 4 நாள் இவர், 2 நாள் பிள்ளைகள், 2 நாள் நான். கடைசி 4 இரவு சிலாவோஸ் மலைக் கிராமத்தில், இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து அறை தரும் விருந்தினர் இல்லம். "அங்கை ஒருத்தருக்கும் சமையல் இல்லை" என்று அடியில் எழுதியிருந்தார். செலவு சற்றுக் கூடத்தான். அதற்காக எரிமலைக்கு மேலால் ஹெலிகொப்டரில் பறக்கும் திட்டத்தை மகன் முணுமுணுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தான்.

என் ஓய்வு இன்னொரு பெண்ணின் முதுகில் ஏறக்கூடாது என்பதும் எனக்கு உண்டு. 2019 ஜூலையில் பரிஸின் பத்தினியோல் பகுதி இபிஸ் ஹோட்டலில், ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் அறை துப்புரவு செய்த பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்கள். 22 மாதம் விடாமல் போராடி, 2021 மே மாதம் சம்பள உயர்வும் வேலைப்பளுக் குறைப்பும் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான றஷெல் கெகே 2022 இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். ஆகவே தங்கும் அறையைக் கண்டபடி போட்டுவிட்டு வரக்கூடாது என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

கறிவேப்பிலை சொன்ன கதை

தீவைப் பற்றி வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1848 டிசம்பர் 20 இல் அங்கு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் தமிழர். அங்கு பட்ட கொடுமை காரணமாக 1882 இல் பிரித்தானிய அரசு ஆட்சேர்ப்பை நிறுத்தியது. எங்கள் மலையகத்துக்குக் கோப்பித் தோட்டத்துக்கு மக்களைக் கொண்டு வந்த அதே நூற்றாண்டுதான். போனவர்களில் பெண்கள் மிகக் குறைவு. அவர்களின் வழிவந்தவர்களை அங்கு "மல்பார்" என்கிறார்கள். காவடி எடுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள், சென் அந்திரே நகரில் தீபாவளி கொண்டாடுகிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல் மொழி.

ஆனால் சமையலறையில் தமிழ் நிற்கிறது. கறிவேப்பிலையை "கலுபிலே" என்கிறார்கள். பீர்க்கங்காய் "பிப்பங்காய்", கொத்தமல்லி "கொத்தொமிலி", முருங்கை "மூரூம்". ஒரு மொழி முழுவதும் போன பிறகும் கறிச்சட்டிக்குள் நாலு சொல் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்றியது ஓய்வு என்பதையே அறியாத அந்தப் பெண்கள்தான் என்று நான் நினைக்கிறேன். சந்தைக்குப் போய் அந்தச் சொற்களை என் காதால் கேட்க வேண்டும் என்பது என் பட்டியலில் உள்ள ஆசை.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு

உங்களில் பலருக்கு இது வெளிநாட்டுக்காரரின் வசதிப் பேச்சாகத் தோன்றக்கூடும். தனியாக நின்று குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் விடயம் விமானத்தில் இல்லை. கோயில் திருவிழாவுக்குப் போனாலும், பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனாலும், கட்டுச்சாதம் கட்டுவது யார், திரும்பி வந்து பாத்திரம் கழுவுவது யார் என்ற கேள்வி ஒன்றுதான்.

இன்னொன்று. ஓகஸ்ட் மாதத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பரிஸிலிருந்தும் உறவினர்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது தீவு விடுமுறை. உங்களுக்கோ நண்டுக்கறியும் ஒடியற்கூழும் இடியப்பமுமாக ஒரு மாத அடுப்படி. வருபவர்கள் நல்லவர்கள்தான், அன்போடுதான் வருகிறார்கள். அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "தம்பி, இண்டைக்கு நீங்கள் சமையுங்கோ, நானும் பிள்ளைகளோடை கடலுக்கு வாறன்." சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டில் அவர்களில் அரைவாசிப் பேர் சமையற்காரர்கள்தான்!

இவர் எழுதித் தந்த தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன்படி நடந்ததா இல்லையா என்பதை நவம்பருக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கடைசியாக நீங்கள் சும்மா இருந்த நாள் எது என்பதை ஆசிரியருக்கு எழுதுங்கள். அடுத்த மடலில் சந்திப்போம்.