உமிச் சாம்பலும் ஒரு சரக்குத்தான்

பழைய இரும்பு, போத்தல், கடதாசி என்று எதையும் விலைபேசி வாங்கும் எமது யாழ்ப்பாண வியாபாரிகள், அரிசி ஆலையின் பின்பக்கம் குவிந்து கிடக்கும் சாம்பலை மட்டும் கண்டுகொள்வதில்லை. அதற்குத் தேவை இருக்கும் இடம் தூரத்திலும் இல்லை.

மன்னார் மாவட்டத்து முருங்கன் களி மாரியில் நீரை உறிஞ்சி வீங்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் வீதியும் அதோடு எழுந்து தாழ்ந்து பிளந்துவிடும். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு இந்தக் குணம் இல்லாததால், 'அது மன்னார்க்காரரின் பாடு' என்று இருந்துவிடுகிறோம். ஆனால் 1990 இல் மூடப்படும்வரை காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் இங்கிருந்தும் களி முருங்கனிலிருந்தும்தான் போயின. இரண்டுக்கும் பழைய சம்பந்தம் உண்டு.

களியின் உலர்நிறையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்குவரை சுண்ணாம்பு கலந்தால் வீக்கம் குறையும். உமிச் சாம்பலின் சிலிக்காவும் சேர்ந்தால் மெல்ல மெல்ல இறுகும். 1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். ஆனால் சாம்பலெல்லாம் சரக்காகாது. அரைகுறையாக எரிந்ததில் கரி அதிகம். கடும் சூட்டில் எரிந்தது சுண்ணாம்போடு இலகுவில் சேராது. பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கே இலாபம்.

நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலைச் சீமெந்து உற்பத்தியாளர்கள் வாங்குகிறார்கள். அதையும் களியில் கலக்கலாம்தான். எனினும் அதில் பார உலோகங்கள் இருக்கக்கூடும். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் எமக்கு அது சிறிய விடயமல்ல. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. கழிவைப் பயன்படுத்துகிறோம் என்ற பெயரில் கழிவைக் கொட்டும் வேலையில் எம்மவர் இறங்கக் கூடாது. உமிச் சாம்பலோடு நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சுண்ணாம்புக்கும் புதிதாகக் கல் தோண்டத் தேவையில்லை. வீசப்படும் மட்டி ஓட்டைச் சுட்டாலும் சுண்ணாம்புதான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. முதல் மூடையை விற்குமுன் மண்ணையும் சாம்பலையும் பொறியியலாளர்களிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டு அத்திவாரத்தில் கைவைக்காமல் ஒழுங்கை, களஞ்சிய முற்றம் என்று தொடங்கலாம்.

மற்றது லொறிக்கூலி. சாம்பல் பாரமில்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். அதை இங்கிருந்து ஏற்றினால் கூலியே முதலைத் தின்றுவிடும். கட்டுக்கரைக் குளத்து வயல்களின் நெல் குற்றும் ஆலைகளில் சாம்பலை அங்கேயே எடுத்துக்கொண்டு, மன்னாருக்கு வெறுமையாகப் போகும் லொறியில் சுண்ணாம்பை மட்டும் ஏற்றிவிட்டால் கணக்குச் சரிவரும்.