ஏரியின் எல்லைக்கு மதிப்பெண் போடாதீர்கள்

ஹைதராபாத்தின் அல்வால் பகுதி ஏரிக்கரைகளில் எதைக் கட்டலாம் என்பதைப் பல அளவுகோல் பகுப்பாய்வு தீர்மானிக்கட்டும் என்கிறார்கள். வெள்ள அபாயம், நில மதிப்பு, வேலைவாய்ப்பு என ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்துக் கூட்டினால் நடுநிலையான விடை கிடைக்கும் என்பது வாதம்.

கிடைக்காது. எடை போட்டுக் கூட்டும்போது ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகுதி ஈடுகட்டிவிடும். மனை விலை போதுமான அளவு ஏறினால், வீட்டுக்குள் வெள்ளம் புகுவதும் ஏற்கத்தக்கதாகிவிடும். அந்த எடைகளை யார் முடிவு செய்வது? தாழ்வான தெருவில் குடியிருப்பவரா, மனை விற்பவரா? 1908இல் மூசி ஆற்று வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த நகரம் இது. 2020 அக்டோபரிலும் ஏரி உடைந்து குடியிருப்புகள் மூழ்கின.

10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியென்றால், முழுக் கொள்ளளவு எல்லையிலிருந்து 30 மீட்டருக்குக் கட்டக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டுக் கட்டட விதி. அது வரம்பு, பேரம் பேசும் அளவுகோல் அல்ல. பல அளவுகோல் பகுப்பாய்வின் முன்னோடியான பெர்னார்ட் ரூவாவே தமது எலெக்ட்ர் முறையில், ஒரே ஓர் அளவுகோலில் படுமோசமாக இருந்தாலும் அந்தத் தேர்வைத் தடுக்கும் வீட்டோவுக்கு இடம் வைத்தார்.

எந்த ஏரியை முதலில் தூர்வாருவது, கழிவுநீரை எந்த வழியில் திருப்புவது என்பதற்கெல்லாம் பல அளவுகோல் பகுப்பாய்வு நன்றாக உதவும். தாராளமாகப் பயன்படுத்துங்கள், எடைகளை வார்டு மக்கள் முன் வையுங்கள். ஏரியின் எல்லையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.