துள்ளிசையின் சுவடுகளைக் காப்பது யார்?

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது, 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று போற்றி அஞ்சலிகள் வெளியாகின. அவை ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அவர் பிரதிநிதித்துவப்படுத்திய இசை மரபைப் பேணுவதற்கு எமது சமூகம் என்ன செய்திருக்கிறது என்ற வினா மட்டும் விடையின்றி நிற்கின்றது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் கிற்றாரைக் கையிலெடுத்து, போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் பேச்சுத் தமிழைப் பாடலாக்கினர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு, தென்னிந்திய சஞ்சிகைகளினதும் திரைப்படங்களினதும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமை உள்ளூர்க் கலை முயற்சிகளுக்கு வாய்ப்பளித்தது. இலங்கை வானொலி இப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

கர்நாடக இசையையே உயர்ந்த அளவுகோலாகக் கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கற்றோர் பலர் இதனை வெறும் கூத்தாகவே நோக்கினர். ஆனால், நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற மற்றொரு பாடல் கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று அறிவுறுத்துவதாகும். மேடைப் பிரசங்கம் சென்றடையாத செவிகளையும் அது எட்டியது. சிங்களமும் தமிழும் கலந்து மனோகரன் பாடிய 'சுராங்கனி' இரு மொழியினரையும் ஆடவைத்ததுடன், 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து பெற்றே பழகிய எமது இசைத்துறை, அங்கு ஏதேனும் கொடுத்த அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

தம் காலத்தில் இகழப்பட்ட கலை பின்னர் மதிக்கப்படுவது உலகெங்கும் காணப்படுவதே. 1971இல் அமெரிக்காவில் உருவான 'நியூயோர்க் டோல்ஸ்' என்ற ரொக் இசைக்குழுவினர் பெண்களைப் போன்ற ஒப்பனையுடன் மேடையேறினர். 1973இலும் 1974இலும் வெளியான அவர்களது இரு இசைத்தட்டுகளும் போதியளவு விற்பனையாகவில்லை. குழுவும் விரைவில் சிதைந்தது. எனினும், அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிளர்ந்த 'பங்க்' இசைக்கு வழிகோலியவர்கள் இவர்களே என்று இன்று இசை வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவ்வாறு மறுமதிப்பீடு செய்ய முடிந்தமைக்குக் காரணம், அந்த ஒலிப்பதிவுகள் அழியாதிருந்தமையே.

எமது நிலை வேறு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் தமது வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995இல் அதே நாளில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடியவர்கள் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் சுமந்து செல்லவில்லை. சோனகத் தெருவிலும் உரும்பிராயிலும் வீடுகளோடு சேர்ந்து அழிந்தவற்றுள் ஒரு காலத்தின் மகிழ்ச்சியும் அடங்கும். எமது அண்மைக்கால வரலாறு துயரத்தின் வரலாறாக மாத்திரம் எழுதப்படுமாயின், அதற்கு முன்னர் இம்மண்ணில் வாழ்ந்தவர்கள் ஆடியும் பாடியும் இருந்தனர் என்பதை வருந்தலைமுறை அறியாமலே போய்விடும்.

செய்யவேண்டியவை கைக்கெட்டாதவையல்ல. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகள் பட்டியலிடப்பட வேண்டும். மருதனார்மடத்தில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு, துள்ளிசையை ஆய்வுக்குரிய துறையாக ஏற்று, மூத்த கலைஞர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் அனுபவம் இப்பணிக்குத் துணைசெய்யும். புத்தளத்திலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் எம்மவர் வீடுகளில் பழைய இசைத்தட்டொன்று இருக்குமாயின், அதனைக் குப்பையென எண்ணாது ஒப்படைக்க முன்வர வேண்டும்.

அக்கலைஞர்கள் முதுமையடைந்து வருகின்றனர். ஒலிநாடாக்களும் நாளுக்கு நாள் சிதைகின்றன. இனியும் தாமதித்தால் எஞ்சப்போவது இரங்கல் செய்திகள் மாத்திரமே.