கரும்புக்காகப் பறிக்கப்பட்ட ஹார்மோன்

டெஸ்டோஸ்டிரோன் என்றால் 'ஆண் ஹார்மோன்' என்றே சொல்லி வளர்க்கப்பட்டோம். பெண்ணின் சினைப்பைகளும் அட்ரினல் சுரப்பிகளும் அதைச் சுரக்கின்றன என்பதை யாரும் நமக்கு அழுத்திச் சொல்லவில்லை. வீரம், வேட்கை எல்லாம் ஆணுக்கு. பொறுமை, தாய்மை பெண்ணுக்கு என்று பிரித்துவைத்த சமூகம், சுரப்பிக்கும் பால் பிரித்துவிட்டது.

இப்போது 'பெண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன்' என்ற பேச்சு ரீல்ஸ்களில் ஓடுகிறது. சோர்வா, எடையா, மறதியா, எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தாம். அறிவியல் அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. 2019இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட கூட்டறிக்கை, ஒரே ஒரு பயனுக்குத்தான் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது: மாதவிடாய் நின்ற பின் பாலியல் விருப்பம் குறைந்து, அதனால் துயரப்படும் பெண்களுக்கு. அளவு மீறினால் முகப்பரு, முகத்தில் முடி, குரல் தடிப்பது என்று போகும். தடித்த குரல் பழையபடி திரும்பாமலும் போகலாம்.

ஆக, மருந்துக்குப் பயன் உண்டு, எல்லையும் உண்டு. என் கேள்வி வேறு. இந்த ஹார்மோன் யார் உடலிலிருந்து பறிக்கப்படுகிறது? யாருக்குத் திருப்பித் தரப்படுகிறது?

மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் குடும்பங்கள் கரும்பு வெட்டப் புறப்படுகின்றன. பெரும்பாலும் தலித், நாடோடி, பிற்படுத்தப்பட்ட சாதியினர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்பதே ஒப்பந்தக்காரரின் கணக்கு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம். கழிப்பறை இல்லாத கொட்டகை வாழ்க்கையில் மாதவிடாய் என்பது கூலி இழப்பு, வெள்ளைப்படுதல் என்பது மருத்துவச் செலவு. "புற்றுநோய் வரும், கருப்பையை எடுத்துவிடு" என்று தனியார் மருத்துவர்கள் பயமுறுத்தினார்கள். 2019இல் அரசு அமைத்த குழு 82,309 பெண்களிடம் விசாரித்தது. 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்.

கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரியும். டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய பாதியாகும். முப்பது வயதுப் பெண்ணின் எலும்பு மெலியும், இதய நோய்க்கான ஆபத்து கூடும், உடல் அனலாய்க் கொதிக்கும், ஆசை வற்றும். அந்த உடலோடுதான் அவர் மறுபடியும் கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றுகிறார்.

இன்னொரு வரலாற்றையும் பாருங்கள். கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டு, விருப்பம் குறைந்த பெண்களுக்கென்றே 'இன்ட்ரின்சா' என்ற டெஸ்டோஸ்டிரோன் பட்டை உருவாக்கப்பட்டது. நீண்டகாலப் பாதுகாப்புத் தரவு போதாது என்று 2004இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. 2006இல் ஐரோப்பா அனுமதித்தது. 2012இல் அங்கும் சந்தையிலிருந்து போய்விட்டது. பீட் பெண்களின் நிலைக்கென்றே ஒரு மருந்து உலகத்தில் பிறந்து, வளர்ந்து, மறைந்தும் விட்டது. அந்த விவாதத்தில் அவர்கள் எங்குமே இல்லை. அவர்களுக்கும் ஆசை உண்டு என்று யாராவது நினைத்திருந்தால்தானே?

நம் தோழர்களே கேட்கிறார்கள்: "கூலியே இல்லாதவளுக்குப் பாலியல் விருப்பம் ஒரு பிரச்சினையா? இதெல்லாம் நடுத்தர வர்க்கக் கவலை." மன்னிக்கவும் தோழர், இது சாதியின் குரல். தலித் பெண்ணின் உடலை உழைப்புக்கான கருவியாகவும், ஆதிக்கசாதி ஆணின் வன்முறைக்கான இலக்காகவும் பார்த்தே பழகிய கண், அவள் இன்பத்துக்கு உரியவள் என்பதை மட்டும் ஏற்க மறுக்கிறது. கூலியா இன்பமா என்று அவளை மட்டும்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

பிள்ளை பெறுவது விடுதலைக்குத் தடையென்றால் அதை நிறுத்திக்கொள்ளட்டும் என்று பெண்களுக்குச் சொன்னவர் பெரியார். முடிவு பெண்ணுடையது என்பதே அதன் பொருள். பீட்டில் முடிவெடுத்தது ஒப்பந்தக்காரரின் தண்டமும் மருத்துவரின் லாபமும். கருப்பை போனது, அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது.

இது பீட்டோடு முடிவதும் இல்லை. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த வழக்கில், இவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தேவை. ஆனால் இனி எடுக்காதே என்பது மட்டும் போதாது. ஏற்கெனவே எடுக்கப்பட்டவர்களுக்கு என்ன பதில்?

இளம் வயதில் சினைப்பைகளை இழந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், அவருக்கு ஒத்துவராத நோய் ஏதும் இல்லையென்றால், ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எலும்பையும் இதயத்தையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். விருப்பம் குறைந்ததை அவரே துயரமாகச் சொன்னால், பெண்ணுக்குரிய அளவில், மருத்துவக் கண்காணிப்போடு டெஸ்டோஸ்டிரோன் தரப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பறித்ததைத் திருப்பிக் கொடு என்கிறோம். நாம் காபியில் கலக்கும் சர்க்கரைக்கு அவர்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள்.