அலுமாரிக்கா கமரா?

“பழைய பிலிம் கமராவிலை கை வைக்காதேங்கோ, பெறுமதி போயிடும்” எண்டு சொல்லுற அண்ணாமாரே, ஒரு கேள்வி. 1976இல் வந்த பென்டக்ஸ் கே1000இன் முன்பக்கம் வெறும் தட்டை. லென்ஸ் இல்லாமலே சுமார் 620 கிராம். வியர்த்த விரல் எதைப் பிடிக்கும்? 1/30 செக்கனில் கை ஆடினால் படம் கலங்கும். ரோல் விற்கிற விலை தெரியும்தானே!

கனன் நிறுவனமே 1981இல் ஏஇ-1 புரோகிராமுக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய பிடி வைத்தது. பிறகென்ன தீட்டு?

நாங்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நடுவிரல் படுகிற இடத்தில் மூன்று மடிப்பாக, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினோம். சுப்பர் குளூவைக் கிட்டவும் எடுக்கவில்லை. வடிவில்லைத்தான். கழற்றினால் பழையபடி வரும், விற்கிறவர்கள் பயப்பட வேண்டாம். நாங்கள் விற்கிறதாக இல்லை.