காண்டிராக்ட் தொழிலாளிக்கும் தலைக்கட்டணம்!

ஜாவா, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. 1995-ல் அமெரிக்க சன் கம்பெனி வெளியிட்டது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் ஏகபோகம் விழுங்கிற்று. 2023 ஜனவரியில் அது புதுச் சந்தா முறை கொண்டுவந்தது. ஜாவாவைத் தொடுகிறவர் எத்தனை பேர் என்பதல்ல கணக்கு. ஆலையில் மொத்தம் எத்தனை தலை என்பதே! ஆயிரம் பேருக்குக் குறைந்த இடத்தில் பட்டியல் விலை தலைக்கு மாதம் 15 டாலர். கூட்டிப் பெருக்குகிறவரும் அதில் சேர்த்தி.

உள்வேலைக்கு வரும் காண்டிராக்ட் ஆட்களையும் ‘ஊழியர்’ என்றே எண்ணுகிறது அந்த ஒப்பந்தம். போனஸ் கேட்டால் ‘நீ காண்டிராக்டர் ஆள்’ என்பது ஓசூர் சிப்காட் தோழர்கள் கேட்டுப் புளித்த பேச்சு. டாலர் வசூலுக்கு மட்டும் அவரும் ஊழியராம்!

ஓப்பன் ஜேடிகே என்ற பெயரில் ஜாவா காசின்றிக் கிடைக்கிறது. பராமரிப்பு வேண்டுமானால் அதற்கு மட்டும் கூலி கொடுக்கலாம். சந்தாச் செலவைக் காட்டிக் கூலி உயர்வை மறுக்கும் நிர்வாகத்திடம், சங்கங்கள் இந்தத் தலைக்கணக்கைக் கேட்டு வாங்க வேண்டுமென்கிறோம்.